தர்பார் சீனுக்கு ஒரு நல்ல கூரை வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

கோவில்பட்டியில் நாங்கள் சிலர் சேர்ந்து சில வருடங்களாகப் பழைய கித்தான்களை, அதாவது கேன்வாஸ் என்கிற தடித்த துணிகளைச் சேகரித்து வருகிறோம். நாடகத் திரைகள் 11, போட்டோ ஸ்டுடியோப் பின்திரைகள் 4, தூத்துக்குடித் தோணி ஒன்றின் பாய், டூரிங் டாக்கீஸ் கூடாரத்தின் ஒரு பக்கச் சுவர் ஆகியவை இப்போது கைவசம் இருக்கின்றன. அப்புறம் தபால் பை, தண்ணீர்ப் பை, படுக்கையைச் சுருட்டிக் கட்டும் ஹோல்டால், சாய்வு நாற்காலித் துணி என்று சின்னச் சின்னதாக 40 பொருள்கள். எல்லாம் ஒரே அறையில் கிடக்கின்றன. அந்த அறையின் கூரை ஒழுகுகிறது. அதற்காகத்தான் இந்த வேண்டுகோள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை தென்மாவட்டத்துக்காரர்கள் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கோவில்பட்டியிலும் விடாத மழை. மூன்றாம் நாள் அறையைத் திறந்தபோது மேலே இருந்த தர்பார் சீன், அதாவது அரசவை எழுதிய நாடகத் திரை, நனைந்திருந்தது. இடது பக்கத் தூண் இரண்டும் கரைந்து, அவற்றின் ரோஸ் நிறம் சிம்மாசனத்தின் படிக்கட்டு வரை வழிந்திருந்தது. இத்தனைக்கும் அந்தத் திரையை நாங்கள் வாங்கி வந்தபோது அது ஒரு டிராக்டரின் மேல் போர்த்திக் கிடந்தது. டிராக்டர் கொட்டகையில் தப்பித்து, எங்கள் கையில் வந்து நனைந்துவிட்டது. அன்றைக்குக் குழுவில் யாருக்கும் பேச வாய் வரவில்லை.

நீர் பட்டால் ஏன் இப்படிக் கரைகிறது என்று பலர் கேட்கிறார்கள். நாடகத் திரைக்கு எண்ணெய் வண்ணம் தீட்டுவதில்லை. பல அகலத் துணிகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைத்து, வச்சிரப் பசையும் (தோல், எலும்பைக் காய்ச்சி எடுப்பது) சீமைச் சுண்ணாம்பும் கலந்து முதல் பூச்சு கொடுப்பார்கள். அதற்கு மேல் வண்ணப் பொடியை அதே வச்சிரத்தில் குழைத்து எழுதுவார்கள். ஆம், அந்தத் தொழிலில் இருந்தவர்கள் "சீன் எழுதுவது" என்றுதான் சொல்வார்கள், வரைவது என்று சொல்வதில்லை. எண்ணெய் வண்ணம் என்றால் கியாஸ் லைட் வெளிச்சத்தில் பளபளத்துக் கண்ணைக் கூசும். துணியும் விறைத்துப்போய்ச் சுருட்ட வராது. வச்சிர வண்ணம் பளபளக்காது, கனமும் குறைவு. ஒரே ராத்திரியில் தெரு சீன், காட்டு சீன், நந்தவனம், சிறைச்சாலை, மயானம் என்று ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க வேண்டிய கம்பெனிக்கு அதுதான் சரி. ஆனால் வச்சிரம் தண்ணீரில் கரையும். ஒரு சொட்டு விழுந்தால் அந்த இடத்தில் வளையமாகக் கறை நிற்கும். துணியையும் தாளையும் அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அந்தப் பசை மிகவும் பிடிக்கும்.

இந்தத் திரைகள் கோவில்பட்டியில் இருப்பதற்குக் காரணம் உண்டு. சி.கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் குழு ஒன்றுக்குத் திரை எழுதும் ஓவியராக ஊர் ஊராகப் போனவர். 1940-களில் அந்தக் குழு இந்த ஊரில் கலைந்துபோக, அவர் இங்கேயே தங்கிவிட்டார். மு.ராமலிங்கம், டி.எஸ்.சுப்பையா போன்றவர்கள் அவரிடம் தொழில் கற்றார்கள். இவர்கள் எழுதிய சாமி படங்கள் பக்கத்தில் சிவகாசியில் காலண்டராக அச்சாகி, தமிழ்நாட்டுப் பூஜை அறைகளிலும் மளிகைக் கடைகளிலும் தொங்கின. அந்தக் காலண்டரில் முருகனுக்குப் பின்னால் தெரியும் மலையையும் நீரோடையையும், லட்சுமிக்குப் பின்னால் இருக்கும் தூண் மண்டபத்தையும் எங்கள் திரைகளின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கை வழக்கம் தெரியும். நாடகக் கொட்டகையில் தொங்கிய மலைதான் வீட்டுச் சுவருக்கு வந்தது என்பது எங்கள் எண்ணம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். எங்களிடம் இருக்கும் 11 திரைகளில் எதையும் கொண்டையராஜு எழுதியது என்று சொல்லி நாங்கள் பணம் கேட்கவில்லை. திரை எழுதியவர்கள் கையெழுத்துப் போடுவதில்லை. கம்பெனிப் பெயர்தான் முன்திரையில் பெரிதாக இருக்கும், அதுவும் கம்பெனி கைமாறினால் வெள்ளையடித்து மாற்றப்படும். பெயர் தெரியாதவர்கள் எழுதியது என்பதாலேயே இவற்றை அதிகக் கவனத்தோடு காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிறோம். பெயர் தெரிந்த ஓவியருடைய படத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

கித்தானில் தீட்டிய படம் என்றால் நமக்கு ரவிவர்மா நினைவுக்கு வருவார். 1851-இல் தொடங்கி, இப்போது சென்னை எழும்பூரில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் அவருடைய எண்ணெய் ஓவியங்கள் இருக்கின்றன. புடவைச் சரிகையையும் முத்து மாலையையும் பார்த்து வியக்கிறோம். அவற்றைத் தாங்கி நிற்கும் துணியை யாரும் பார்ப்பதில்லை. அந்தத் துணி நைந்துபோனால் பின்பக்கம் புதுக் கித்தான் ஒட்டி ஓவியத்தைக் காப்பாற்றும் முறை உண்டு. அதாவது அருங்காட்சியகத்தில் கித்தான்தான் நோயாளி, மருந்தும் கித்தான்தான்.

ஊர்ப்புற அருங்காட்சியகத்துக்கு வந்தால் கித்தானின் மற்ற வேலைகள் தெரியும். பெரிய நகரத்துக் காட்சிக்கூடத்தில் அது சட்டத்துக்குள் இருக்கும். இங்கே அது உழைத்த துணி. எங்கள் தோணிப் பாயை விரித்தால் ஓரத்தில் கயிறு வைத்துக் கையால் தைத்த தையல் தெரியும். மெழுகு தடவிய நூல் இன்னும் அறவில்லை. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிக்கொண்டு பாய்த்தோணிகள் போன காலம் ஒன்றும் வெகு பழையதில்லை. எஞ்சின் வந்த பிறகு பாய்கள் வீட்டுக்கு வந்தன, மிளகாய் காயப்போட உதவின.

டூரிங் டாக்கீஸ் துணிக்கும் அப்படி ஒரு கதை. 1905-இல் திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் சினிமா முதலில் குடியிருந்தது கித்தான் கூடாரத்தில்தான். கீற்றுக் கொட்டகையும் கட்டடமும் பிறகு வந்தவை. எங்களிடம் இருக்கும் பக்கச் சுவர் அவ்வளவு பழையது இல்லை. ஆனால் அதில் ஆள் உயரத்துக்கும் கீழே வரிசையாகச் சின்ன ஓட்டைகள் இருக்கின்றன. டிக்கெட் வாங்காத பிள்ளைகள் போட்ட ஓட்டைகள். அவற்றை நாங்கள் தைத்து மூடப்போவதில்லை.

எங்களுக்கு மிகவும் பிடித்தது தண்ணீர்ப் பைதான். முன்பெல்லாம் வெயில் காலத்தில் பஸ், லாரிகளின் முன்னால் தொங்குமே, அதுதான். புதுப் பையில் தண்ணீர் ஊற்றினால் முதலில் ஒழுகும். நனைந்ததும் நூல் உப்பி இழைகளுக்கு நடுவே உள்ள சந்து அடைபடும். பிறகு வெளியே ஈரம் மட்டும் மெல்லக் கசியும். ஓடுகிற வண்டியின் காற்றில் அந்த ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் மண்பானைத் தண்ணீர் போல ஜில்லென்று ஆகிவிடும். பள்ளிப் பிள்ளைகள் வரும்போது இதைச் செய்து காட்டுகிறோம். ஓவியத்தைப் பார்க்க வந்த பிள்ளைகள் பையைச் சுற்றியே நின்றுவிடுகிறார்கள்.

இந்த மண்ணுக்கும் கித்தானுக்கும் வேறு ஓர் உறவும் உண்டு. கரிசலில் விளைந்த கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்திக்கு இழை குட்டை. மெல்லிய நூலுக்கு அது ஒத்துவராது, தடித்த நூலுக்குத்தான் ஏற்றது. தடித்த துணிகளின் கதையைச் சொல்ல கரிசல் காட்டைவிடப் பொருத்தமான இடம் எது?

இவ்வளவு பெருகிக் கிடந்த பொருள் ஏன் இன்று அருகிப்போனது? தேடிப்போன ஒவ்வொரு வீட்டிலும் எங்களுக்கு ஒரே பதில்தான் கிடைத்தது: "நல்ல துணியாச்சே, சும்மா கிடக்குதேன்னு எடுத்துட்டோம்." நெல்லுக்குப் போர்த்தினார்கள், மாட்டுக் கொட்டகைக்குத் தட்டி கட்டினார்கள், மூட்டை தைத்தார்கள். துணி உறுதியாக இருந்ததாலேயே அதன் மேலிருந்த படம் அழிந்தது. யாரையும் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படுதா வைக்கோல் போருக்குப் போனது.

சரி, பணத்தை என்ன செய்யப் போகிறோம் என்று சொல்கிறோம்.

முதல் வேலை கூரை. மொட்டை மாடியில் பழைய தளத்தைக் கொத்தி எடுத்து, சுருக்கிச் சாந்து (செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்தது) போட்டுத் தட்டோடு பதிக்க 1,85,000 ரூபாய். அடுத்தது குழாயும் இரும்புத் தாங்கியும். இப்போது திரைகள் மடித்துக் கிடக்கின்றன, மடித்த இடத்தில் எல்லாம் வண்ணம் வெடித்து உதிர்கிறது. படம் வெளிப்பக்கம் இருக்கும்படி அகலமான குழாயில் சுருட்டி, தரையில் படாமல் படுக்கையாக வைக்க வேண்டும். 17 பெரிய துணிகளுக்கும் சேர்த்து 1,40,000 ரூபாய். அமிலமற்ற தாள், இடைத் துணி, மேலுறை ஆகியவற்றுக்கு 70,000. ஓவியப் பாதுகாப்பு தெரிந்த வல்லுநர் ஒருவர் இரண்டு தடவை வந்து மொத்தம் 20 நாள் தங்கி, உதிரும் வண்ணத்தை நிலைநிறுத்தி, எங்கள் இளைஞர்களுக்கும் கற்றுக்கொடுக்க 1,60,000. எல்லாவற்றையும் விரித்து அளவோடு புகைப்படம் எடுக்க 35,000. ஆக மொத்தம் 5,90,000 ரூபாய். உறுப்பினர்கள் போட்டதும் கடந்த பொங்கலில் திரட்டியதும் சேர்த்து 1,12,000 கையில் இருக்கிறது. மீதி 4,78,000 வேண்டும்.

"இதற்குப் பதில் நல்ல ஓவியரை வைத்துப் புதுசாக எழுதிவிடலாமே, பளிச்சென்று இருக்குமே" என்று நல்லெண்ணத்தோடு சிலர் சொன்னார்கள். குழுவில் இரண்டு மாலை நேரம் இதைப் பேசினோம். திருப்பணி என்ற பெயரில் எத்தனை கோயில்களில் பழைய சுவரோவியத்தின் மேல் வெள்ளையடித்தார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்தத் தவற்றை நாங்கள் செய்ய மாட்டோம். கரைந்த தூண் கரைந்தபடியே இருக்கும். அதற்கு மேல் கரையாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. புதிதாக எழுத ஆசைப்படும் ஓவியர்கள் இருந்தால், புதுத் துணியில் அதே தர்பாரை எழுதட்டும். பள்ளி நாடகங்களுக்கு அதைக் கொடுக்கலாம். அதற்கும் நன்கொடை வந்தால் தனிக் கணக்கில் வைப்போம்.

100 ரூபாயும் எங்களுக்குப் பணம்தான். ஒரு முழுத் திரையின் பாதுகாப்பை ஒருவரோ ஒரு தெருக்காரர்களோ ஏற்றுக்கொள்ள விரும்பினால், குழாய், தாங்கி, இடைத் துணி எல்லாம் சேர்த்து ஒரு திரைக்குச் சுமார் 12,400 ரூபாய் ஆகிறது. உபயம் என்று பெயர் போட வேண்டுமானால் குழாயின் முனையில் கட்டும் அட்டையில் போடுவோம். துணியின் மேல் ஒரு புள்ளியும் வைக்க மாட்டோம். எவ்வளவு சிறிய தொகைக்கும் ரசீது உண்டு. வருமான வரிச் சலுகைக்கான 80ஜி சான்று எங்களிடம் இல்லை, இதை முன்கூட்டியே சொல்வது நியாயம். வரவு செலவுக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறை வாசலில் ஒட்டப்படும்.

பணமாகத் தர முடியாதவர்களிடமும் எங்களுக்கு வேண்டியது இருக்கிறது. சுருட்டும் குழாய்க்குப் பிவிசி வேண்டாம், நாளாவட்டத்தில் அது வெளியிடும் வாயு துணிக்கு ஆகாது. எச்டிபிஇ என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்கில் செய்த கறுப்புக் குழாய், 8 அங்குல விட்டம், 16 அடி நீளம் உள்ளது மீதம் கிடந்தால் தாருங்கள். லாரியோ டிரெய்லரோ வைத்திருப்பவர்கள் ஒருநாள் வாடகையை விட்டுக்கொடுத்தால் அதுவும் நன்கொடைதான். தூத்துக்குடியில் மீன் குளிர்பதனக் கிடங்கு நடத்துபவர்களுக்குத் தனி விண்ணப்பம்: வண்ணம் பூசாத பாயையும் கூடாரத் துணியையும் காற்றுப் புகாமல் பொதிந்து மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் உள்ளே இருக்கும் பூச்சியும் முட்டையும் சாகும், மருந்து அடிக்க வேண்டியதில்லை. ஒரு மூலையில் அந்த இரண்டு வார இடம் கொடுத்தால் போதும்.

நாடகத்தில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் வேடம் கட்டியவர்கள், ஆர்மோனியம் வாசித்தவர்கள், சீன் கயிறு இழுத்தவர்கள் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் தயவுசெய்து அவர்களை ஒருநாள் கூட்டி வாருங்கள். எங்களிடம் இருக்கும் ஒரு காட்டு சீனில் நடுவே ஒரு மரத்தின் தண்டு மட்டும் வெட்டி, உள்பக்கம் துணி வைத்துத் தைத்திருக்கிறது. வள்ளி தினைப்புனம் காக்கும்போது வேலன் அந்த வழியாக வெளியே வந்திருப்பார் என்று எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம். அதில் நுழைந்து வந்தவரே வந்து சொன்னால் எழுதி வைத்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 மணி முதல் 1 மணி வரை அறை திறந்திருக்கும். வந்து பார்த்துவிட்டுக் கொடுப்பதுதான் எங்களுக்கும் மகிழ்ச்சி. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் தட்டோடு பதித்து முடித்தாக வேண்டும், ஆகவே கூரைக்கான தொகை முதலில் சேர்ந்தால் உடனே வேலையைத் தொடங்கிவிடுவோம். வரும்போது வீட்டில் பழைய வெள்ளை வேட்டி இருந்தால் எடுத்து வாருங்கள். சுருட்டும்போது திரைக்கு நடுவில் வைக்க அதைவிட மெத்தென்ற துணி கிடையாது. கஞ்சியும் நீலமும் போடாமல் நன்றாக அலசிக் காயவைத்ததாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கித்தான் சேகரிப்புக் குழுவினர்,
கோவில்பட்டி