பெயர் போடாத நன்றி மடல்

அன்புள்ள அக்காக்கள், அண்ணன்கள், மாணவிகள் அனைவருக்கும்,

எங்கள் வகுப்பின் முதல் ஹஃப்லா சென்ற சனிக்கிழமை சென்னையில் நல்லபடியாக நடந்து முடிந்தது. ஆட்டமும் சாப்பாடும் அரட்டையும் கலந்த கூடலை பெல்லி டான்ஸ் ஆடுகிறவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். முறைப்படி நன்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் ஒரு சங்கடம். உதவியவர்களில் பாதிப் பேர் "என் பெயர் மட்டும் வேண்டாம்மா" என்று முன்பே சொல்லிவிட்டார்கள். ஒருவருக்கு மாமியார், ஒருவருக்கு அலுவலகம், இன்னொருவருக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் தங்கை. மீதிப் பேரை மட்டும் பெயர் சொல்லிப் பாராட்டுவது நியாயமாகப் படவில்லை. ஆகவே யார் பெயரும் இல்லை. செய்த வேலையை வைத்து உங்களை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி என் பரதநாட்டிய டீச்சருக்கு. அரைமண்டியில் நிற்கும்போது இடுப்பு ஒரு நூல் அசைந்தாலும் தட்டுக்கழி நின்றுவிடும். அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அப்படி வளர்த்த பெண் இடுப்பை ஆட்டுவதையே தொழிலாக எடுத்துக்கொண்டபோது அவர் கோபப்பட்டிருக்கலாம். சனிக்கிழமை முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். முடிந்ததும், "முழங்கால் இவ்வளவு தளர்ந்து நிற்கிறது, முதுகு எப்படி நிமிர்ந்தே இருக்கிறது?" என்று கேட்டார். பாராட்டு என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கேள்வி போதும்.

கெய்ரோவில் என்னைச் சேர்த்துக்கொண்ட ஆசிரியைக்கு இந்த மடலை ஒரு தோழி அரபியில் படித்துக் காட்டுவாள். எகிப்திய நடனக் கலைஞர் மஹ்மூத் ரெடா 1959-இல் தொடங்கிய நடனக் குழுவின் வழியில் பயின்றவர் அவர். போனவுடன் அடவு போல ஏதாவது சொல்லித் தருவார் என்று சலங்கை கட்டாத குறையாக நின்றேன். அவரோ உட்காரச் சொல்லி எகிப்தியப் பாடகி உம் குல்தூமின் பாட்டைப் போட்டுவிட்டுக் காபி போடப் போய்விட்டார். பாட்டு முடிய ஒரு மணி நேரம் ஆகும். வயலின் எங்கே மூச்சு விடுகிறது, கானூன் என்ற நரம்பு வாத்தியம் எங்கே பதில் சொல்கிறது என்று கேட்கத் தெரியாதவளுக்கு இடுப்பு எதற்கு என்பது அவர் கட்சி. தக்ஸீம், அதாவது அந்தந்த நேரத்துக் கற்பனை வாசிப்பு, வாசிக்கும்போது ஆடுகிறவள் முன்கூட்டி எதையும் தயாரித்து வைக்க முடியாது. நம் மனோதர்மம் மாதிரிதான். ஆனால் இங்கே உடம்பு வாத்தியத்துக்குப் பின்னால் போக வேண்டும்.

கெய்ரோவின் முகம்மது அலி தெருவுக்கு என்னை அழைத்துப் போனதும் அவர்தான். 1834-இல் நடனப் பெண்களைக் கெய்ரோவிலிருந்து தெற்கே எஸ்னா பக்கம் துரத்திய ஆட்சியாளர் முகம்மது அலி. பிற்பாடு அவர் பெயரில் போட்ட தெருவிலேயே பாட்டுக்காரர்களும் ஆட்டக்காரிகளும் குடியேறிப் பேர் வாங்கினார்கள். இன்று அங்கே பெரும்பாலும் நாற்காலி, மேசைக் கடைகள். ஊத் என்ற நரம்பு வாத்தியம் விற்கும் ஒரு கடை வாசலில் நின்றுகொண்டு ஆசிரியை இதைச் சொன்னபோது, தஞ்சாவூர்ப் பக்கத்துச் சில தெருக்கள் என் நினைவுக்கு வந்தன. 1947-இல் பொட்டுக்கட்டுவதைத் தடுத்த சென்னை மாகாணச் சட்டம் வந்தபிறகு, பரதநாட்டியத்தின் முன்வடிவமான சதிராடிய குடும்பத்துப் பெண்கள் பலருக்கும் மேடை போய்விட்டது. கலை மட்டும் வேறு வீடுகளுக்குக் குடிபோனது. நம் ஊரில் இந்த நடனத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பேன்.

இனி, எங்கள் லய வித்துவான். அவர் கஞ்சிரா வாசிப்பவர். கஞ்சிரா மாதிரியே இருக்கும் எகிப்திய ரிக்கில் வளையத்தைச் சுற்றி ஐந்து இடங்களில் தகடுகள் இருக்கும். கஞ்சிராவில் ஒரே இடம். "இது என்ன, ஐந்து மடங்கு வாயாடி" என்று சிரித்துக்கொண்டே கையில் எடுத்தார். மக்ஸூம் தாளத்தை தும்-தக், தக்-தும், தக் என்று சொற்கட்டாக எழுதிக்கொண்டார். ஸமாயி தாளம் பத்து எண்ணிக்கை என்றதும், மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று என்று அவரே பிரித்துப் போட்டுவிட்டார். எனக்கு அது பிடிபடவே மாதக்கணக்கில் ஆனது. நான் கெய்ரோவிலிருந்து கொண்டுவந்த மண் தப்லாவுக்கு மீன் தோல். எகிப்தில் தப்லா என்பது கோப்பை வடிவ ஒற்றைக் கொட்டு. கடற்காற்றில் அது தொய்ந்துபோய்விடும் என்று ஒரு மேசை விளக்கைப் பற்றவைத்துக் கச்சேரி நேரம் வரை அதன் பக்கத்திலேயே காவல் இருந்தார். ஒலிபெருக்கித் தம்பிக்கும் ஒரு நன்றி: தப்லா என்றதும் ஜாகிர் உசேன் வாசித்ததைப் போல இரண்டு வரும் என்று நினைத்து இரண்டு மைக் கொண்டுவந்தார். ஒன்றுக்கு மேல் தேவைப்படவில்லை, இருந்தாலும் முன்யோசனை முன்யோசனைதான்.

வயலின் வாசித்த அண்ணா, நம் ராகம் மாதிரியான ராஸ்த் என்ற அரபு மகாமின் மூன்றாவது சுரம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் நிற்கும். அதில் விரலை வைத்தபோது "ஐயோ, அபசுரம்" என்று முகத்தைச் சுருக்கினீர்கள். அடுத்த ஒத்திகைக்குள் அந்த இடத்தைவிட்டு இறங்க மாட்டேன் என்றீர்கள். அரங்கத்தில் கண் கலங்கியது நான் ஆடியதற்கல்ல, அந்தச் சுரத்துக்கு.

ஆரி வேலை அக்கா, வைகாசி முகூர்த்தப் பிளவுஸ்கள் மலையாகக் குவிந்து கிடக்கும்போது இடுப்புப் பட்டை தைக்கச் சொன்னேன். சௌகார்பேட்டை மணியைக் கோத்துத் தொங்கவிட்டு, குஞ்சம் சரியாக ஆடுகிறதா என்று பார்க்கக் கடைக் கதவைச் சாத்திவிட்டு உங்கள் இடுப்பிலேயே கட்டிப் பார்த்தீர்களே, அந்தக் காட்சிக்கு டிக்கெட் போட்டிருந்தால் மண்டப வாடகை தேறியிருக்கும். வயிற்றுப் பகுதிக்கு வலைத்துணி வைத்ததும் உங்கள் யோசனைதான். எகிப்தில் மேடை ஆட்டக்காரிகள் வயிற்றை மூட வேண்டும் என்று அரசே விதி போட்டது. இங்கே யாரும் போடாமலே நாம் போட்டுக்கொண்டோம்.

மண்டபம் என்றதும் நினைவு வருகிறது. முதலில் முன்பணம் வாங்கிய இடத்தார், என்ன நடனம் என்று தெரிந்ததும் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். இரண்டு நாளில் வேறு இடம் பிடித்துத் தந்த யோகா வகுப்பு மேடத்துக்கு நன்றி. "பிரைவேட் பார்ட்டிக்கு வருவீர்களா" என்று ராத்திரியில் கூப்பிடுகிறவர்களுக்குத் தன் குரலில் பதில் சொல்லும் அண்ணிக்கும், நிகழ்ச்சி முடியும்வரை வாசலில் ஆட்டோவை நிறுத்திக் காத்திருக்கும் அண்ணனுக்கும், என் கீழ்முதுகைப் பராமரிக்கும் பிசியோதெரபிஸ்டுக்கும் கடன்பட்டிருக்கிறேன். அம்மாவுக்கு இங்கே எழுதினால் திட்டுவாள்.

மாணவிகளே, உங்களிடம் கற்றதைத்தான் கடைசியில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், ஷிம்மி என்ற இடுப்பு நடுக்கம் முழங்காலிலிருந்து வர வேண்டும் என்று நான் சொன்னதும், "எந்தத் தசை முதலில் இழுக்கிறது, பெயர் சொல்லு" என்றார். வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்துதான் அடுத்த பாடம் எடுத்தேன். சிசேரியனுக்குப் பிறகு மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வகுப்பில் சேர்ந்த பெண், அடிவயிற்றை மெதுவாக உள்ளிழுத்து விடும் பயிற்சியில் எங்கள் எல்லோரையும்விடப் பொறுமைசாலி. நான் வேகத்தைக் குறைத்துக் கற்பிக்கப் பழகியது அவரைப் பார்த்துத்தான்.

டிக்கெட் பணத்தில் வாத்தியக்காரர்களுக்குக் கொடுத்ததுபோக மிஞ்சியதைக் கணக்கெழுதிப் பொருளாளரிடம் தந்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்

பி.கு: பச்சை இடுப்புத் துண்டு ஒன்றும் விரல் தாளம் மூன்றும் ஒப்பனை அறையில் கிடந்தன. நான்காவது யாரிடம் இருக்கிறதோ, வியாழக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.