அந்த ஒரு இரவின் பதிவைக் கொடுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய எங்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் மனுவும் மேல்முறையீடும் உங்கள் அலுவலகக் கோப்பில்தான் இருக்கின்றன. அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. முதல் மேல்முறையீட்டை 30 நாளில் முடிக்க வேண்டும், காரணத்தை எழுதி வைத்தால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டம். அந்த 45 நாளும் சென்ற வாரம் முடிந்துவிட்டது. ஒரு வரி பதில்கூட வரவில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் கேட்டது இரண்டே இரண்டு. என் தம்பியை விசாரணைக்கு என்று கூட்டிக்கொண்டு போன இரவில், 10 மணியிலிருந்து மறுநாள் காலை 6 மணி வரை அந்தக் காவல் நிலையத்துக் கேமராக்களில் பதிவானது ஒன்று. அதே நேரத்துக்குரிய பொது நாட்குறிப்பு, அதாவது நிலையத்தில் நடப்பதை அன்றன்றைக்கு எழுதி வைக்கும் பதிவேடு, அதன் பக்கங்களின் நகல் இன்னொன்று.

பொதுத் தகவல் அலுவலர் 29ஆம் நாள் பதில் அனுப்பினார். புலன் விசாரணை நிலுவையில் இருப்பதால் பிரிவு 8(1)(எச்)-ன் கீழ் தகவல் தர இயலாதாம். எந்த வழக்கின் விசாரணை? குற்ற எண் எதுவும் அந்தக் கடிதத்தில் இல்லை. நிலையத்தில் நேரில் போய்க் கேட்டபோதோ, அப்படி ஒருவரை நாங்கள் அழைத்து வரவே இல்லை என்றார்கள். அழைத்து வரவில்லை என்றால் என் மனுவால் எந்த விசாரணை கெடும்? விசாரணை நடக்கிறது என்றால் அவன் அங்கே இருந்திருக்கிறான் என்றுதானே பொருள்? இரண்டில் எது உண்மை என்று எழுத்தில் சொல்லுங்கள். விசாரணை நடக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, தகவல் கொடுத்தால் அது எப்படித் தடைபடும் என்பதைக் காட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் பகத்சிங் என்ற மனுதாரரின் வழக்கில் 2007லேயே சொல்லிவிட்டது.

அந்த இரவைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். அது என் மனுவில் இல்லை.

அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. தம்பி சாப்பிடாமல் போய்விட்டானே என்று தூக்குவாளியில் இட்லி எடுத்துக்கொண்டு 11 மணிக்கு நிலையத்துக்குப் போனார். "அப்படி யாரும் இங்க இல்லம்மா, வீட்டுக்குப் போங்க" என்றார்கள். அம்மா குனிந்து படியைப் பார்த்தார். அங்கே தம்பியின் செருப்பு கிடந்தது. இடது வார் அறுந்துபோய், அம்மாவே நீல நைலான் நூலில் தைத்துக் கொடுத்த செருப்பு. தான் போட்ட தையல் தனக்கே தெரியாமல் போகுமா? அதைக் காட்டிக் கேட்டதற்கும் அதே பதில்தான். எதிரே சாத்தியிருந்த டீக்கடையின் பெஞ்சில் விடிய விடிய உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்குத் தூறல் போட்டது. எழுந்து போய், செருப்பு நனையாதபடி படியோரமாக நகர்த்தி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். ஐந்தரை மணிக்குத் தம்பி அதே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், ஆறு வாரம் வண்டி எடுக்க முடியவில்லை.

கை வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் அம்மா இன்னமும் என்னிடம் கேட்கிறார்: "செருப்பு அங்கயே கிடக்கும்போது இல்லன்னு எப்படிடி சொன்னாங்க?"

என்னிடம் பதில் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, வண்டியிலிருந்து விழுந்துவிட்டேன் என்று தம்பி சொல்லிவிட்டான். பயம். அதனால் அங்கேயும் பதிவு இல்லை. சம்மன் இல்லை, ரசீது இல்லை, கையெழுத்து இல்லை. அந்த இரவில் அவன் எங்கே இருந்தான் என்பதற்கு எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. நிலைய வாசலில் இருக்கும் கேமரா ஒன்றுதான் எங்களுக்குச் சாட்சி. அம்மா எழுந்து வந்து செருப்பை நகர்த்தியதையும் அது பார்த்திருக்கும். ஐயா, அந்தப் பதிவைத்தான் கேட்கிறோம்.

கேட்கக் கூடாத ஒன்றையா கேட்டுவிட்டோம்? பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2ஆம் தேதி தந்த தீர்ப்பு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நுழைவாயில், லாக்கப், வராந்தா, ஆய்வாளர் அறை என்று எல்லா இடத்திலும் கேமரா இருக்க வேண்டும், படத்தோடு ஒலியும் பதிவாக வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதி இல்லாத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கேமரா ஓடுவதற்கும் பதிவாவதற்கும் நிலைய அதிகாரியே பொறுப்பு. எங்கள் விஷயம் நடந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. பதிவு இருந்தே ஆக வேண்டும்.

இருக்குமா என்ற பயம் ஏன் வருகிறது தெரியுமா? 2020 ஜூனில் ஜெயராஜும் பென்னிக்ஸும் இறந்த பிறகு சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், ஹார்டு டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்ததாக அறிக்கை கொடுத்தார். அதைப் படித்த எவருக்கும் இந்த பயம் போகாது. மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு செய்ய எனக்கு 90 நாள் இருக்கிறது. போகத்தான் போகிறேன். ஆனால் அங்கே எங்கள் முறை வருவதற்குள் இந்தப் பதிவு அழிந்துவிட்டால், பிறகு எந்த உத்தரவு வந்து என்ன பயன்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மனு போட்ட நான்காம் நாள் எனக்கு போன் வந்தது. எதற்காகக் கேட்கிறீர்கள், யார் எழுதிக் கொடுத்தது என்று விசாரித்தார்கள். அப்புறம் தம்பியின் வண்டி ஓனரிடமும் போய்க் கேட்டிருக்கிறார்கள். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் மனுதாரருக்கு இல்லை என்று அந்தச் சட்டத்தின் பிரிவு 6(2) சொல்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு காகிதத்துக்காக ஒரு குடும்பத்தைச் சுற்றி இத்தனை விசாரணை! புகார் கொடுக்கப் போனால் ரசீது கேட்டுக் கால் கடுக்க நிற்க வேண்டும், எஃப்.ஐ.ஆர். போட வைக்க ஆள் பிடிக்க வேண்டும். ஆனால் நாங்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் மட்டும் வேலை இத்தனை வேகமாக நடக்கிறது. கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. மன்னியுங்கள். ஆனால் இது நியாயமான கோபம்.

யாருடைய சம்பளத்திலும் அபராதம் பிடிக்க வேண்டும் என்பது என் ஆசை இல்லை. பதிவில் வேறு ஆட்களின் முகம் இருந்தால் மறைத்துவிட்டுக் கொடுங்கள். கொடுக்கக் கூடாததை நீக்கிவிட்டு மீதியைத் தர பிரிவு 10 இடம் கொடுக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்பு, அந்த இரவின் பதிவை அழிக்காமல் பத்திரமாக எடுத்து வைக்கும்படி இன்றே எழுத்தில் உத்தரவிடுங்கள். அதன் நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள்.

வரும் புதன்கிழமை மனு நாளுக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு வருகிறேன். அவரால் ரொம்ப நேரம் நிற்க முடியாது. உட்கார ஒரு நாற்காலி கொடுக்கச் சொல்லுங்கள். பென் டிரைவ் நான் கொண்டு வருகிறேன். அந்த எட்டு மணி நேரத்தின் பதிவை அதில் ஏற்றிக் கொடுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா