கடிதத்தில் நான்கு திருத்தங்கள்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய ஆங்கிலக் கடிதத்தைப் படித்தேன். சொல்ல வந்தது தெளிவாக இருக்கிறது, மரியாதையும் குறையவில்லை. ஆனால் 'வீ டிட் நாட் ரிசீவ்ட்' என்று ஆரம்பித்திருக்கிறாயே, அதை முதலில் மாற்று. 'ரிசீவ்' போதும்.

இறந்தகாலம் என்பதை 'டிட்' சொல்லி முடித்துவிட்டது. அதன் பிறகு முக்கிய வினைக்குக் காலம் காட்டும் வேலையே இல்லை. 'ஷி நோஸ்' (அவளுக்குத் தெரியும்) என்பதன் வாலில் ஒட்டியிருக்கும் 'எஸ்' கூட எதிர்மறையில் 'டஸ்' பக்கம் போய்விடுகிறது: 'ஷி டஸ் நாட் நோ'. வினாத்தொடரிலும் இதே கணக்குதான்: 'டஸ் ஷி நோ?' நமக்கு இது தடுக்குவதில் வியப்பில்லை. 'நேற்று வரவில்லை' என்கிறோம், 'நாளை நான் வரவில்லை' என்றும் சொல்கிறோம். நானோ அவளோ அவர்களோ, எல்லோருக்கும் அதே 'வரவில்லை'. எதிர்மறையில் காலத்தையும் ஆளையும் கவனிக்கும் பழக்கம் நமக்குக் குறைவு. ஷேக்ஸ்பியர் காலத்தில் 'ஐ நோ நாட்' (எனக்குத் தெரியாது) என்று, 'டிட்', 'டஸ்' இவற்றின் மூல வடிவமான 'டூ' இல்லாமலே எழுதினார்கள். அது நிலைத்திருந்தால் உனக்கும் எனக்கும் பாதி வேலை மிச்சம்!

'இஸ்', 'கேன்', 'வில்' போன்றவற்றுக்கு 'டூ' வேண்டாம், பின்னால் 'நாட்' வந்தால் சரி. அதை நீ ஒழுங்காகவே எழுதியிருக்கிறாய். கட்டளைத் தொடரில் மட்டும் ஒரு விந்தை: மற்ற இடங்களில் 'டூ'வை அண்டவிடாத 'பீ' ('இஸ்' என்பதன் மூல வடிவம்), அங்கே அதைச் சேர்த்துக்கொள்கிறது. 'டோன்ட் பீ லேட்' என்றுதான் சொல்ல வேண்டும். உணர்ச்சித் தொடரைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். அலுவலகக் கடிதத்தில் அதற்கு இடமே இல்லை, நீ போட்ட ஆச்சரியக்குறியையும் எடுத்துவிடு.

கடைசி வரிதான் ஆபத்தானது. 'யூ மஸ்ட் நாட் ரிப்ளை டுடே' என்றால் இன்று பதில் எழுதக் கூடாது என்று தடை போடுவதாகும். அவசரமில்லை, மெதுவாக எழுதலாம் என்பதுதானே உன் எண்ணம்? அதற்கு 'யூ நீட் நாட்' அல்லது 'யூ டோன்ட் ஹேவ் டு' என்று எழுது. முன்பின் தெரியாதவர் உன் வரியைப் படித்தால் முகம் சுளிப்பார்.

தொலைபேசியில் குழப்பம் வருகிறது என்றாயே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 'ஹேவன்ட் யூ சென்ட் இட்?' என்று கேட்டால், நாம் கேள்வியை ஒப்புக்கொண்டு 'ஆமாம், அனுப்பவில்லை' என்போம். ஆங்கிலத்தில் கேள்வி எப்படி வந்தாலும் நடந்ததைத்தான் பார்க்க வேண்டும். அனுப்பவில்லை என்றால் 'நோ, ஐ ஹேவன்ட்'. அனுப்பியாகிவிட்டது என்றால் 'யெஸ், ஐ ஹேவ்'. 'யெஸ், ஐ ஹேவன்ட்' என்றால் எதிரில் இருப்பவர் திகைத்துப்போவார். 'டூ யூ மைண்ட் வெயிட்டிங்?' என்று கேட்டால் 'நோ' என்பதுதான் சம்மதம். காத்திருப்பதில் சிரமம் உண்டா என்பதுதான் அங்கே கேள்வி.

மூன்றாவது பத்தியில் 'ஐ திங்க் ஹி வில் நாட் அக்ரீ' என்றிருப்பது பிழையில்லை. ஆனாலும் அவர்கள் வழக்கம் 'ஐ டோன்ட் திங்க் ஹி வில் அக்ரீ' என்பது. எதிர்மறையை முன்னால் கொண்டுவந்தால் பேச்சின் கடுமையும் கொஞ்சம் தணியும். அப்படியே மாற்றிவிட்டு அனுப்பு. மறுபடி எனக்குக் காட்ட வேண்டியதில்லை.

அன்புடன்,
அப்பா