பதில் சொல்ல இடம் விட்டுக் கேட்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளரிளம் பருவத்தினரிடையே மதுவும் பிற போதைப்பொருள்களும் பரவுவது குறித்துத் தங்கள் நாளிதழில் செய்தி வரும்போதெல்லாம், ‘பெற்றோர் பிள்ளைகளிடம் மனம்விட்டுப் பேச வேண்டும்’ என்ற அறிவுரையும் உடன் வருகிறது. எப்படிப் பேசுவது என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

என் மகனுக்குப் பதினைந்து வயதானபோது, “நீ குடிக்கிறதெல்லாம் இல்லையே?” என்று கேட்டேன். “இல்லப்பா” என்றான். கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்துக் கொடுத்துவிட்டு, அதை அவன் அப்படியே திருப்பித் தந்ததும் கடமை முடிந்ததென்று எழுந்துவிட்டேன். சில மாதங்கள் கழித்து இருவரும் காரில் சென்றபோது, அவன் வயதுப் பிள்ளைகள் குடிக்கிறார்களா, அவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். என் முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாததாலோ என்னவோ, தன்னிடமும் ஒருமுறை கோப்பை நீட்டப்பட்டதையும், மறுக்கத் தெரியாமல் வாங்கி வெகுநேரம் கையிலேயே வைத்திருந்ததையும் அவனாகவே சொன்னான். நான் அப்போது குறுக்கே ஒரு சொல் பேசியிருந்தால் மீதியைச் சொல்லியிருக்க மாட்டான்.

அச்சுறுத்தினால் போதும் என்று நினைப்பவர்கள் அமெரிக்க அனுபவத்தைப் பார்க்கலாம். 1983-இல் லாஸ் ஏஞ்சலீஸில் தொடங்கி, காவலர்களே வகுப்பறைக்கு வந்து போதைப்பொருள்களுக்கு எதிராகப் பாடம் நடத்திய ‘டேர்’ (D.A.R.E.) திட்டம் நாடெங்கும் பரவியது. ஆனால் அதில் பயின்றவர்களுக்கும் பயிலாதவர்களுக்கும் இடையே போதைப் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே ஆய்வுகள் பல கண்டன. ‘ஒருமுறை தொட்டாலே வாழ்க்கை போய்விடும்’ என்று எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்லி வைக்கிறோம். குடித்த நண்பன் மறுநாள் சிரித்துக்கொண்டே வகுப்புக்கு வருவதைப் பார்க்கும் பிள்ளை, நாம் சொன்ன அனைத்தையும் சேர்த்தே தள்ளிவிடுகிறது. ஆனால் பசை, தின்னர் போன்றவற்றின் ஆவியை உறிஞ்சினால் முதல் முறையிலேயே இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிர் போகக்கூடும் என்பது உண்மை. மதுவோடு தூக்க மாத்திரை சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடலாம் என்பதும் உண்மை. பொய்யான இடத்தில் சொல்லித் தேய்ந்துபோன எச்சரிக்கை, பொருந்த வேண்டிய இந்த இடங்களில் எடுபடாமல் போகிறது.

முடிவெடுக்கவும் ஆசையை அடக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி முழுமையாக முதிர 25 வயதை ஒட்டி ஆகும் என்பதையும், பதினைந்து வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்குபவர்கள் பிற்காலத்தில் அதற்கு அடிமையாகும் வாய்ப்பு அதிகம் என்பதையும் மிகையின்றிச் சொன்னால் பதின்பருவத்தினர் காது கொடுத்துக் கேட்கிறார்கள். (கையில் கோப்பையோடு அதைச் சொல்லும் தந்தையை அவர்கள் நம்ப மாட்டார்கள், நானும் அந்தத் தவறைச் செய்தவன்தான்.)

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது ஒரு வாக்குறுதியை. அளவு மீறிக் குடித்து நினைவிழந்தவனை, ‘தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்’ என்று நண்பர்கள் விட்டுவிடுகிறார்கள். வயிற்றில் மிஞ்சியிருக்கும் மது, அவன் உறங்கும்போதும் இரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும். வாந்தி மூச்சுக்குழாயை அடைத்துவிடலாம். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தனியே விடாமல், உடனே மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். பிள்ளைகள் அழைக்கத் தயங்குவது பெரும்பாலும் வீட்டாருக்குப் பயந்தே. எனவே, எந்த நேரத்தில் அழைத்தாலும் முதலில் வருவேன், கேள்விகள் மறுநாள்தான் என்று என் மகனுக்கு வாக்களித்திருந்தேன். தவறுக்கு விளைவே இருக்காது என்று சொல்லவில்லை.

அந்த அழைப்பு ஒருமுறை வந்தது, அவனுக்காக அல்ல, அவன் நண்பனுக்காக. சிறுவனை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு அவன் பெற்றோருக்குத் தகவல் சொன்னேன். என் மகனிடம் கேட்க வேண்டியவற்றை மறுநாள் காலையில்தான் கேட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்