நல்லினிக்கு ஒரு சாக்கும் வேண்டாம்

திருவல்லிக்கேணி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை. நீ எழுதி அனுப்பிய மந்திர நாவலின் 14 அத்தியாயங்களையும் முக்குக்கடையில் பிரிண்ட் எடுத்துவந்து படித்து முடித்துவிட்டேன். போனிலேயே படிக்கக்கூடாதா என்று கேட்பாய். ஆயுசு பூரா அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன் நான். ஓரத்தில் மார்ஜினும் கையில் பென்சிலும் இல்லாவிட்டால் எனக்குக் கண் ஓடாது. ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை எல்லாம் தாளிலேயே குறித்திருக்கிறேன்; தம்பி போட்டோ எடுத்து அனுப்புவான். இந்தக் கடிதம் உன் கதாநாயகி நல்லினிக்காக.

அந்தத் தேர்வுக் காட்சி அபாரம். மழைக்கு நூல் கட்டுவதும் பிரசவ வலிக்கு மந்திரிப்பதும் பெண்கள் வித்தை. புயலும் நெருப்பும் ஆண்கள் வித்தை என்று பிரித்து வைத்திருக்கிற முகில்நாட்டில், வடகோட்டைப் பிரபுவின் மகள் பட்டுப் பாவாடையோடு போய் மந்திர மன்றத்தின் நடுவில் நிற்கிறாள். மூத்த மாயவர், "உன் தகப்பனார் அனுமதி கொடுத்தாரா?" என்று கேட்கிறார். "தேர்வுக் கட்டணம் நான் கட்டியிருக்கிறேன்" என்கிறாள். கேட்டதற்கு அது பதிலே இல்லை, ஆனால் அதைவிட நல்ல பதிலும் இல்லை. அப்புறம் நெருப்பை அழைக்கும்போது அவள் கைச்சரிகையில் தீப்பற்றிக்கொள்கிறது. மந்திரம் முடிகிற வரைக்கும் அவள் அதை அணைக்கவில்லை. கிழவர்கள் நெருப்பைப் பார்க்காமல் அந்தக் கையையே பார்க்கிறார்கள். அந்தப் பக்கத்தில் நான் ஒரு குறிகூடப் போடவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். அவள் ஆண்வேஷம் போடவில்லை. இது சின்ன விஷயம் இல்லை. மணிமேகலையை எடுத்துக்கொள். 1898-ல் உ.வே.சா. பதிப்பித்தாரே, அதில் வருகிறவள். மந்திரம் தெரிந்த பெண் என்று நம் இலக்கியத்தில் தேடினால் முதலில் நிற்பது அவள்தான். மணிபல்லவத்தில் தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரம் சொல்லிக்கொடுக்கிறது: வேற்றுருவம் எடுக்க ஒன்று, வானில் போக ஒன்று, பசி தாங்க ஒன்று. அவ்வளவு இருந்தும் வஞ்சி நகருக்குப் போய்ச் சமயவாதிகளிடம் பாடம் கேட்கவேண்டும் என்று வரும்போது என்ன ஆகிறது? நீ வயசுப்பெண், உனக்கு எவனும் உள்ளபடி சொல்லித்தரமாட்டான், வேற்றுரு எடுத்துக்கொள் என்று அவளுக்குப் புத்தி சொல்லப்படுகிறது. சொல்வது யார் தெரியுமா? கண்ணகி! பாண்டியன் சபையில் தலைவிரி கோலமாக, எந்த வேஷமும் இல்லாமல் தனியாளாய் நின்றவள், தெய்வமான பிறகு தன் புருஷன் பெற்ற மகளுக்கு வேஷம் போடச் சொல்கிறாள். மணிமேகலையும் தவசி உருவம் எடுத்து ஒவ்வொரு வாதியாகப் போய்க் கேட்கிறாள். சாயங்காலம் மெரினாவில் நடக்கப் போகும்போது சிலம்பை ஏந்தி நிற்கிற அந்தச் சிலையைக் கடக்கிறேன். அம்மணி, நீங்களா அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்கத் தோன்றும்.

உன் நல்லினி பாவாடையோடு உள்ளே போகிறாள். அதனால்தான் மூன்றாம் அத்தியாயத்தின் மேல் எனக்கு இவ்வளவு கோபம்.

அந்த அண்ணன் எதற்குச் சாகிறான்? கதைக்கு அவன் வேண்டியதே இல்லை. இரண்டாம் அத்தியாயத்தில் கோபுர உச்சியில் நின்று, "இந்த நாட்டின் தலைமை மாயவர் நாற்காலியில் நான் உட்காரவேண்டும்" என்று சொன்ன பெண், மூன்றாம் அத்தியாயத்தில் அண்ணன் பிணத்தின் மேல் சத்தியம் செய்து பழிவாங்கக் கிளம்புகிறாள். ஆசைப்பட்டவளை நீயே கடமைக்காரி ஆக்கிவிட்டாய். படிக்கிறவர்கள், "ஐயோ பாவம், அண்ணனுக்காகத்தானே" என்று அவளை மன்னித்துவிடுவார்கள். அவள் என்ன தப்புப் பண்ணினாள், மன்னிப்பதற்கு?

நம் கதைகளில் இது ஒரு பழைய நோய். பெண்ணின் கையில் அதிகாரம் வந்தால் ஆரம்பத்தில் ஒரு சாக்கு இருக்கும், முடிவில் ஒரு தாலி இருக்கும். என் பாட்டி, பெரிய எழுத்து அல்லி அரசாணி மாலையை ராகம் போட்டுப் படிப்பாள். மதுரையை ஆண்ட அல்லி, ஆண்வாடையே ஆகாது என்று இருந்தவள். அவளை அர்ச்சுனன் போரிலா ஜெயித்தான்? பாம்பாக உருமாறிப் படுக்கைக்குள் புகுந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டிவிட்டான். மாயவித்தையெல்லாம் அவன் கையில், தூக்கம் மட்டும் அவள் கண்ணில். பாட்டி அந்த இடத்தை மட்டும் வேகமாகப் படித்துவிட்டுப் போவாள். திருவிளையாடலில் தடாதகைப் பிராட்டி, அதாவது நம் மீனாட்சி, பட்டம் சூடித் திக்கெல்லாம் ஜெயித்துக் கயிலை வரைக்கும் படை நடத்துகிறாள். சிவனைப் பார்த்ததும் மூன்றாவது முலை மறைகிறது, நாணம் வருகிறது, கல்யாணம் நடக்கிறது. நானும் மீனாட்சியைக் கும்பிடுகிறவன்தான், குற்றம் சொல்லவில்லை. கதை எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் பார்க்கிறேன்.

சரித்திரத்திலும் அதே சாயல்தான். ராணி மங்கம்மாள் 1689 முதல் ஏறத்தாழ 15 வருஷம் மதுரையை ஆண்டார். குழந்தையாக இருந்த பேரன் பேரில். வேலு நாச்சியார் 1780-ல் சிவகங்கையை மீட்டதைச் சொல்லும்போதெல்லாம் 1772-ல் காளையார்கோயிலில் புருஷன் கொல்லப்பட்டதிலிருந்துதான் ஆரம்பிப்போம். நடந்தது நடந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தபோது அந்த அம்மாக்களுக்கு அது பிடித்திருக்காதா? நன்றாக ஆள்கிறோம் என்று ஒரு ராத்திரியாவது சந்தோஷமாகத் தூங்கியிருக்கமாட்டார்களா? அதை மட்டும் யாரும் எழுதமாட்டார்கள். மணிமேகலை தாலிக்குத் தப்பினாள், ஆனால் துறவு வாங்கிக்கொண்டாள். உன் நல்லினி துறவியும் இல்லை. அவளுக்குக் கோபுரம் வேண்டும், பட்டம் வேண்டும், மாணவர்கள் வேண்டும், நல்ல சாப்பாடும் வேண்டும். அப்படி ஒருத்தியை நான் தமிழில் அதிகம் படித்ததில்லை. அவளைப் போய்ப் பிணத்தின் மேல் சத்தியம் செய்ய வைக்கிறாயே.

நீ வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது பெரியத்தை, "அங்க போயி இவ அப்படி என்னதான் ஆகப்போறா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள், ஞாபகம் இருக்கிறதா? நான் வாயைத் திறப்பதற்குள், "பெரிய ஆளா ஆகப்போறேன் அத்தை" என்றாய். தம்பி படிப்புக்கு, வீட்டுக் கடனுக்கு, அப்பா ஆபரேஷனுக்கு என்று நீ ஒரு காரணமும் சொல்லவில்லை. அத்தை அன்றைக்கு முழுக்கக் காப்பி குடிக்கவில்லை. அப்படிப் பேசின பெண் எழுதுகிற கதையில் செத்துப்போன அண்ணனுக்கு என்ன வேலை? அவனைப் பிழைக்க வை. கொஞ்சம் சோம்பேறியாக, தங்கைமேல் பிரியமாக, அந்த நாற்காலிமேல் துளி ஆசைகூட இல்லாதவனாக இருக்கட்டும். அவனுக்குச் சும்மா கிடைக்கக்கூடியதை இவள் அடித்துப்பிடித்து வாங்கவேண்டும். பழிவாங்குவதைவிட அது சுவாரஸ்யம்.

அடுத்தது, ஒன்பதாம் அத்தியாயம். மன்றம் அவளுக்குச் சாசனம் கொடுக்கிற இடத்தை இரண்டே வரியில் தாண்டிவிட்டாய். நம் கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் 1940-ல் லலிதா என்று ஓர் அம்மா சேர்ந்து, 1943-ல் எலெக்ட்ரிகல் முடித்தார்கள். 18 வயதில் புருஷனை இழந்தவர், கையில் நாலு மாசக் குழந்தை. அப்பா சுப்பாராவ் அதே காலேஜில் பேராசிரியர். அவர்கள் சான்றிதழில் ஆம்பிளைக்கு என்று 'ஹி' அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, 'ஷி' என்று திருத்திக் கொடுத்தார்கள். ஃபாரம் அச்சடித்தவனுக்குப் பெண் ஒருத்தி வருவாள் என்று தோன்றவே இல்லை, பார். புரூஃப்காரன் என்பதாலோ என்னவோ, அந்த ஒரு திருத்தத்தை நினைத்தால் எனக்கு மயிர் கூச்செறியும்.

உன் மன்றத்துச் சாசனமும் ஆண்பாலில்தானே எழுதி வைத்திருப்பார்கள்? யாராவது ஒரு குமாஸ்தா கத்தியை எடுத்துச் சாசனம் எழுதின தோலைச் சுரண்டவேண்டும். முணுமுணுத்துக்கொண்டே சுரண்டட்டும். சுரண்டின இடம் மெலிந்து, விளக்குக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் தெரியட்டும். நல்லினி அதை வாங்கிச் சுவரில் மாட்டாமல், தினமும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்ப்பாளா, இல்லை ஆத்திரத்தில் புதுத்தோல் கேட்பாளா? எனக்குத் தெரியாது, அவளை உனக்குத்தான் தெரியும். புதுசுதான் கேட்பாள் என்று அம்மா சொல்கிறாள்.

அம்மாவும் படித்தாள். உனக்குச் சொல்லவேண்டாம் என்றாள், சொல்கிறேன். அவள் முதலில் கேட்டது, "அந்த வேலைக்காரப் பொண்ணுக்கு ஏன் பேர் வைக்கல?" என்று. பார்த்தால் உண்மைதான். 14 அத்தியாயத்திலும் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், எண்ணெய் ஊற்றுகிறாள், எரிந்த பாவாடையை மாற்றித் தருகிறாள், பேரே இல்லை. பிரபு வீட்டுப் பெண்ணின் துணிச்சல் எதன் மேல் நிற்கிறது என்பதை நீ சொல்லத்தான் வேண்டும். ஆண்களுக்குச் சமமாக நிற்கிறவள் அந்தப் பெண்ணுக்குச் சமமாக நிற்பாளா?

உன் மந்திரங்களுக்குப் பாதரசமும் கந்தகமும் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். சித்த வைத்தியத்தில் ரசத்தைச் சுத்தி செய்யாமல் மருந்துக்கு எடுக்கமாட்டார்கள். செங்கல்தூளும் மஞ்சள்தூளும் போட்டுக் கல்வத்தில் அரைத்துக்கொண்டே இருக்கவேண்டும், தோள்பட்டை கழன்றுவிடும். நல்லினி கோபுரத்தில் அதை அரைப்பது யார்? அந்தப் பெண்தான். அரைக்கும்போது காது சும்மா இருக்குமா? எஜமானி உரக்கச் சொல்லிப் பார்க்கிற மந்திரம் எல்லாம் அவளுக்கும் மனப்பாடம் ஆகியிருக்கும். ஒரு ராத்திரி விளக்கு அணைந்தபோது, தீப்பெட்டியும் இல்லை கல்லும் இல்லை, விளக்கு தானாக எரிகிறது. நல்லினி திரும்பிப் பார்க்கிறாள். அப்போது அவள் முகம் எப்படிப் போகும்? எனக்கு உன் நாவல் முழுக்க இந்த முகத்துக்காகத்தான் வேண்டும். சந்தோஷப்படுவாளா, பயப்படுவாளா, மூத்த மாயவர் தன்னைக் கேட்ட அதே கேள்வியை இவளிடம் கேட்பாளா?

பெரிய ஆசை உள்ளவள் நல்லவளாகவும் இருந்தே தீரவேண்டும் என்று இல்லை. அதுவும் ஒரு சாக்குதான். அவள் கொஞ்சம் அநியாயம் செய்யட்டும். ஆண் மந்திரவாதிகள் அநியாயம் செய்தால் அவர்களை விட்டுவிட்டா படிக்கிறோம்?

அம்மாவின் இன்னொரு புகார், நல்லினியின் தாயார் அழுவதைத் தவிர ஒன்றும் செய்வதில்லை என்பது. கோட்டை வீட்டுப் பெண்கள் அப்படி இருந்ததில்லை, பாப்பா. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன், தான் கொடுத்ததைச் சொன்ன கையோடு அக்கா குந்தவை கொடுத்ததைச் சொல்லி, அதற்குப் பிறகுதான் தன் மனைவிமார் கொடுத்ததைச் சொல்கிறான். சோழ ராணி செம்பியன் மாதேவி விதவையாக இருந்துகொண்டு ஊர் ஊராகக் கல்லால் கோயில் எடுத்தவள். கையில் காசும் கணக்கும் இல்லாமல் இது நடக்குமா? நல்லினி கட்டின தேர்வுக் கட்டணம் எங்கிருந்து வந்தது? தாயார் சொல்லிக்கொடுத்த நெல் கணக்கிலிருந்து வரட்டும். மகள் போவது அவளுக்குப் பிடிக்காமலே இருக்கட்டும். கணக்கை மட்டும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்கட்டும். அம்மா இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பால் கணக்கு நோட்டை எடுத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

12-ஆம் அத்தியாயத்து இளவரசனைப் பற்றி ஒரு வார்த்தை. அவனை வெட்டச் சொல்லவில்லை. நல்ல பையன், வேடிக்கையாகப் பேசுகிறான், அவளுக்கும் பிடித்திருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். கடைசி அத்தியாயத்தில் மட்டும் பந்தல் போடாதே. அல்லி தூங்கினது போதும்.

அடுத்த அத்தியாயங்களை அனுப்பும்போது எழுத்தை 14 பாயிண்டில் வை, வரிக்கு நடுவில் நன்றாக இடம் விடு. 'மாயவர் சபைக்கு சென்றாள்' என்று எழுதுகிறாய், 'சபைக்குச் சென்றாள்'. நாலாம் வேற்றுமைக்குப் பின்னால் வல்லினம் மிகும் என்று எத்தனை தடவை சொல்வது? முகில்நாட்டில் என்ன மந்திரம் வேண்டுமானாலும் நடக்கலாம், ஒற்று விடக்கூடாது.

பனியில் மஃப்ளர் இல்லாமல் போகாதே.

அன்புடன்,
அப்பா