மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர் சங்க ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராதவர்களிடம் போய்ச் சொல்லப்போகிறவர்களுக்கும் வணக்கம்.

ஏப்ரல் 2 ஆட்டிசம் விழிப்புணர்வு நாளில் பேரணி நடந்தது. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி வைத்தோம். இரண்டுக்கும் போட்டோ எடுக்க வந்த கூட்டம் செயற்குழுவுக்கு வரவில்லை. போதிய உறுப்பினர் (கோரம்) சேராமலே கலைந்த நாளும் உண்டு.

அடுத்து சனிக்கிழமை உதவி மேசை. தொடங்கியவன் நான் என்பதால் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய், ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு எல்லாவற்றுக்கும் அங்கே விண்ணப்பம் எழுதித் தருகிறோம். “இதுக்கு இ-சேவை மையம் போதாதா?” என்று சென்ற பொதுக்குழுவில் ஒருவர் கேட்டார். அவருக்கான பதில் இது.

ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ள மகனோடு ஓர் அம்மா வந்தார். மகனுக்கு 18 முடிந்ததும் வங்கியில் மைனர் கணக்கை நிறுத்திவிட்டார்கள். உதவித்தொகை கணக்கில் கிடக்கிறது, எடுக்க முடியவில்லை. பையனே கையெழுத்துப் போடட்டும் என்று பேனாவைக் கொடுத்தார்களாம். அவன் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக, அந்த ‘டக்’ சத்தத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் போடுகிறேன் என்றால், 18க்கு மேல் தாய்க்கும் அந்த அதிகாரம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கேட்கக் கசப்பாக இருந்தாலும் சட்டம் அப்படித்தான்.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கிற அதிகாரம் மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையிலான குழுவுக்கு உண்டு. விண்ணப்பம் கொடுத்தோம், ஜெராக்ஸ் கேட்டார்கள், மறுபடி கேட்டார்கள், கடைசியில் சான்று வந்தது. அப்புறம்தான் வேலையே: ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலும், பிறகு ஆண்டுதோறும் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். இதை எந்த கவுன்டரிலும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

மனநோய் உள்ளவர்களின் வீட்டாரும் இதே சான்றைக் கேட்டு வருகிறார்கள். அவர்களுக்கு இது பொருந்தாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் வேறு வழி இருக்கிறது: மனநல சிகிச்சை விஷயத்தில் தன் சார்பில் பேச வேண்டியவர் யார் என்பதை நோயுள்ளவரே வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைக்கலாம். மனம் தெளிவாக இருக்கும் நாளில் எழுதி வாங்கிவிடுவது நல்லது. மனநல உதவிக்கான டெலி மானஸ் தொலைபேசி எண் 14416ஐ மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறோம், நடுராத்திரியிலும் கூப்பிடலாம்.

சந்தா விஷயத்துக்கு வருகிறேன். அட்டை கைக்கு வரும்வரை ஒரு சனிக்கிழமை தவறாதவர்கள், வந்த மறுவாரம் என் போனை எடுப்பதில்லை. நேரில் பார்த்தால் “சார், உங்களைத்தான் நினைச்சேன்” என்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் பாக்கி. பட்டியல் சட்டைப்பையில்தான் இருக்கிறது. வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் வாசிக்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் விவரமாகச் சமர்ப்பிப்பார். வரவும் செலவும் ஏறத்தாழ சமம். பிரிண்டர் மை வாங்கிய கடைக்குக் கொஞ்சம் தர வேண்டும். இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், தேநீர் செலவை ஏற்றவருக்கும், துணைத் தலைவர் அவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் நம் பிள்ளைகளில் பலர் 18ஐத் தொடுகிறார்கள். “இன்னும் நாள் இருக்கே சார்” என்று சொல்கிற பெற்றோர் இந்த வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். 17 முடிவதற்குள் காகிதங்களைச் சேர்த்தால் வங்கி வாசலில் நிற்க வேண்டாம். ஆனால் இத்தனை வீட்டுக்கும் ஒரே ஆள் எழுத முடியாது. மீண்டும் செயலாளராக நிற்பது பற்றி நான் முடிவு செய்யவில்லை. சனிக்கிழமை மேசையில் இன்னும் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தால் யோசிக்கலாம். வேட்புமனுப் படிவம் பொருளாளரிடம் உள்ளது, இதுவரை யாரும் வாங்கவில்லை. சந்தாவையும் அவரிடமே கட்டலாம்.

செயலாளர்