சாயம் பூசிய ‘நாட்டு விதை’: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

பள்ளத்தூர்,
சிவகங்கை மாவட்டம்.
29 ஆகஸ்ட் 2025

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

மதிப்புக்குரியீர்,

வணக்கம். கடந்த ஜூலை 10 அன்று ரூ. 1,680 செலுத்தித் தங்களிடம் ஒரு வீட்டுத்தோட்டத் தொகுப்பு வாங்கினேன். அதில் பன்னிரண்டு விதைப் பொட்டலங்களும் ஆறு வளர்ப்புப் பைகளும் ஒரு தென்னை நார்க்கழிவுக் கட்டியும் இருந்தன. பைகளைப் பற்றியும் கட்டியைப் பற்றியும் எனக்குக் குறையில்லை. விதைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். விளம்பரத்தில் ‘நாட்டு விதை’ என்றும் ‘இரசாயனம் தொடாதது’ என்றும் போட்டிருந்தீர்கள். அதை நம்பித்தான் வாங்கினேன்.

ஆடி 18 அன்று காலையில் கொல்லையில் பாத்தி கட்டி முடித்துவிட்டு, வெண்டை விதைப் பொட்டலத்தைப் பிரித்து ஆறு வயதுப் பேத்தியின் கையில் கொட்டினேன். வெண்டை விதை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சாம்பலும் பச்சையும் கலந்த மங்கிய நிறம். இதுவோ பஞ்சுமிட்டாய் போல இளஞ்சிவப்பாக இருந்தது. “அப்பத்தா, இது மிட்டாயா?” என்று கேட்டாள். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் கையைப் பிடித்துவிட்டேன். வியர்த்த உள்ளங்கையில் ஒட்டிய சாயம் சோப்புப் போட்டுத் தேய்த்தும் மாலை வரை போகவில்லை.

பூஞ்சாணக் கொல்லி போன்ற மருந்து கலந்த விதைக்குத்தான் இப்படிச் சாயம் ஏற்றுவார்கள். யாரும் தானியமென்று எண்ணிச் சமைத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்யும் ஏற்பாடு அது. விதைக்கு மருந்து பூசும் விதைநேர்த்தியை நான் குறை சொல்லவில்லை. வயலில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் மருந்து பூசிய விதை என்றால் அதையும், என்ன மருந்து என்பதையும், உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சீட்டில் அச்சிட வேண்டும் என்று 1968ஆம் ஆண்டு விதை விதிகள் சொல்கின்றன. உங்கள் பொட்டலத்தில் ஒரு பச்சை இலைப் படமும் ‘இயற்கையின் கொடை’ என்ற வரியும் மட்டுமே இருக்கின்றன. குழந்தைகளோடு சேர்ந்து விதையுங்கள் என்று கையேட்டில் வேறு எழுதியிருக்கிறீர்கள்.

அதன் பிறகுதான் மற்றப் பொட்டலங்களையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கத்தரிப் பொட்டலத்தின் பின்புறம், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் ‘எஃப் 1’ என்று இருக்கிறது. எஃப் 1 என்றால் கலப்பின விதை. அதில் காய்க்கும் காயிலிருந்து விதை எடுத்து நட்டால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது. நாட்டு விதை வாங்குகிறவர்கள் அடுத்த பட்டத்துக்கும் (விதைப்புப் பருவத்துக்கும்) விதை எடுத்து வைக்கத்தானே வாங்குகிறார்கள்? கோசமல்லி என்ற கத்தரிக்காய்ப் பதார்த்தத்துக்கென்று ஒரு கத்தரியைத் தேடிப் பிடித்துக் காலத்துக்கும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வெண்டைப் பொட்டலத்தில் தேதிச் சீட்டின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் கீறினேன். அடியில் இன்னொரு சீட்டு. பரிசோதித்த மாதம் 2023 நவம்பர். பரிசோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம்தான் செல்லும் என்பது வழக்கம். அப்படியென்றால் 2024 ஆகஸ்டிலேயே காலாவதியான விதையை ஏறக்குறைய ஓராண்டு கழித்து எனக்கு விற்றிருக்கிறீர்கள். மேல் சீட்டை ஒட்டியவர் கொஞ்சம் நல்ல பசையாகப் போட்டிருக்கலாம்.

இத்தனையும் தெரிந்த பிறகும் விதைத்தேன், பட்டம் காத்திருக்காது. பொட்டலத்தில் இருந்த நாற்பது வெண்டை விதையில் இருபதை நட்டேன், மூன்று முளைத்தன. பத்தை ஈரத்துணியில் சுற்றித் தாம்பாளத்தில் வைத்துப் பார்த்தேன், ஒன்று முளைத்தது. மீதிப் பத்தையும் கிழித்த சீட்டையும் பொட்டலத்தோடு பத்திரமாக வைத்திருக்கிறேன். வெண்டைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 65 சதவீதம் என்றும் கத்தரிக்கு 70 என்றும் விதைத் தரம் வகுத்திருக்கிறார்கள். கத்தரியில் ஐம்பதுக்கு நான்கு.

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர் முதலில் தண்ணீர் அதிகம் என்றார், பிறகு எங்கள் மண் சரியில்லை என்றார். செட்டிநாட்டுச் செம்மண்ணைப் பற்றி அவர் என்னிடம் சொல்ல வேண்டியதில்லை. அது இறுகும், எருவைக் கேட்கும். எரு போட்டால் கொடுக்கும். பக்கத்து வீட்டு ஆச்சி சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்து வைத்திருந்த அவரை விதையும், சாணியில் பதித்துச் சுவரில் ஒட்டிவைத்திருந்த சுரை விதையும் கொடுத்தார்கள். அவற்றை அதே நாளில், அதே பாத்தியின் மறு ஓரத்தில் ஊன்றி, அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றினேன். அவரை ஒன்றுகூடத் தவறாமல் முளைத்தது. சுரைக்கொடி இந்நேரம் பந்தலைத் தொட்டுவிட்டது. இரண்டு ஓரமும் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பினேன். பதிலாக வந்தது, அடுத்த கொள்முதலுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். அழுகல் தேங்காயைக் கொடுத்த கடைக்காரர் அடுத்த தேங்காயில் விலை குறைப்பதாகச் சொன்னால் நீங்கள் வாங்குவீர்களா?

ஆடிப் பட்டம் போய்விட்டது. இந்த ஆண்டு வீட்டு வெண்டைக்காயில் மண்டிக் குழம்பு வைக்க வழியில்லை. சந்தைக் காயைத்தான் அரிசி களைந்த தண்ணீரில் போட வேண்டும். அதற்கு ஈடு நான் கேட்கவில்லை. கட்டிய ரூ. 1,680 முழுவதையும் திருப்பித் தாருங்கள். வெண்டை விதையில் பூசிய மருந்து எது என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். இதே விதையை வாங்கிய மற்றவர்களுக்கும், குறிப்பாகக் குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு, அது மருந்து பூசியது என்று உடனே சொல்லுங்கள். எனக்குப் பணம் வரத் தாமதமானாலும் இது தாமதிக்கக் கூடாது.

இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால், வைத்திருக்கும் பொட்டலத்தோடு விதை ஆய்வாளரிடம் போவேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனுக் கொடுப்பேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. அலைச்சல் உங்களுக்குத்தான்.

பொட்டலங்களின் படங்களும் ரசீதின் நகலும் இணைத்திருக்கிறேன். தொலைபேசியில் அழைக்க வேண்டாம். எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள். கூப்பனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளராக இருந்தவர்